நண்டுக்கு ஒதுங்கிய கதை

1978 ஜூலை 3, திங்கள்

நீடாமங்கலம் உரக்கடையில் கொடுத்த டைரி இது. போன வருஷத்துடையது. அச்சடித்த தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் தேதியை மேலே எழுதியிருக்கிறேன். "வருஷம் போன டைரி, மூணாப்பு படிச்ச மரியபுஷ்பம். பொருத்தம்தான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர் அடைக்கலராஜ். அந்த மனிதர் ஒரு நாளைக்குப் பேசுவதே இவ்வளவுதான். அதை எனக்கென்று செலவழித்தாரே என்று விட்டுவிட்டேன்.

வாய்க்காலில் நேற்றுத் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர். நுரையும் சருகுமாக, தூக்கத்தில் எழுந்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு வருகிறது. மதகுப் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் போகிறதா, நான் போகிறேனா என்று தெரியாமல் போயிற்று. நாற்பத்து நாலு வயதுக்காரிக்கு இது தேவையா? தேவைதான்.

ஜூலை 4

பம்புசெட்டுத் தண்ணீரில் வளர்த்த நாற்றைப் பறித்தோம். விரல் இடுக்கெல்லாம் பச்சை. நாளை பண்ணை வயலில் முதல் நடவு.

ஜூலை 9, ஞாயிறு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி

இவர் டைரியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். எழுதச் சொல்லவில்லை. வைத்தார்.

புதன்கிழமை நடந்தது. முதல் நாள் நடவில் ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் குறுக்கே நாற்று முடியை, அதாவது ஒரு கட்டு நாற்றை, வைத்து மறிப்போம். வெற்றிலை பாக்குக்கு ஏதாவது தந்தால்தான் முடியை எடுப்போம். முடி வைக்கிற வேலை இருபது வருஷமாக என்னுடையது. வாய் நீளமானவளிடம்தான் அதைக் கொடுப்பார்கள்.

மதகுச் சரிவில் டிராக்டர் இறங்கியது. பண்ணையாரின் டிராக்டர். அவரைப் பண்ணை என்றுதான் சொல்வோம். ஓட்டி வந்தது என் தம்பி பெரியநாயகசாமி. அவன் என்றதும் எனக்குக் கொண்டாட்டம். "மாப்பிள்ளை ஊர்வலம் வருது, மறிங்கடி" என்று முடியை நடு ரோட்டில் வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே காலை அழுத்தினான். பிறகு வாயில் மட்டும் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. வண்டி நிற்கவில்லை. நான் விலகினேன். இடது கால் விலகவில்லை.

வலி அப்புறம்தான் வந்தது. முதலில் நாற்று முடியைப் பார்த்தேன். அது நசுங்காமல் இருந்தது.

காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாமி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். "போலீசு வந்தா என்னைக் கொண்டுபோயிடுவாங்கக்கா." முன் சீட்டில் குஞ்சிதபாதம் ஐயா, பண்ணையின் காரியம் பார்க்கிறவர், திரும்பாமலே சொன்னார்: "வரப்புல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு புஷ்பம். எல்லாருக்கும் நல்லது."

சின்ன வயது டாக்டர். எப்படிம்மா ஆச்சு என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் போதாதா? இந்த வாய் சும்மா இருந்ததா?

"வரப்புல ஒரு நண்டு வந்துச்சு சார். பெரிய மனுஷன் மாதிரி நடுவுல வந்துச்சு. மரியாதைக்கு ஒதுங்கினேன், வழுக்கிட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எலும்பு முறிஞ்சும் பேச்சு முறியலையே" என்று சொல்லிக்கொண்டே பெரிய நோட்டில் எழுதினார். நண்டையும் சேர்த்துத்தான் எழுதினார். பார்த்தேன்.

ஜூலை 13

மாத்திரை போட்டால் கட்டில் மிதக்கிறது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூரையில் ஓர் ஈரக்கறை, எங்கள் வெண்ணாறு மாதிரியே வளைந்து போய் இரண்டாகப் பிரிகிறது. கண்ணை மூடினால் அதில் தண்ணீர் வந்துவிடுகிறது. நான் நடவு நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போகிறேன். வார்டு முழுக்கப் பச்சை. நர்சம்மா முழங்கால் தண்ணீரில் ஊசியோடு வருகிறார். ஒரு நண்டு கட்டில் காலைப் பிடித்து ஏறி வந்து என் போர்வையில் உட்கார்ந்து, "என்னை ஏன் இழுத்தே?" என்கிறது.

விழித்ததும் பக்கத்துக் கட்டில் சைத்தூன் பீவியிடம் சொன்னேன். முத்துப்பேட்டைக்காரர், இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார்.

"வரப்பு நண்டு இத்துனூண்டு. அதுக்கா ஒதுங்குனே? எங்க காயல் நண்டைப் பார்த்தா நீ நாட்டை விட்டே ஓடியிருப்பே."

"அது மரியாதை தெரிஞ்ச நண்டுக்கா."

தொங்குகிற என் காலைப் பார்த்தார். "புஷ்பம், நண்டு காலை ரெண்டு எடத்துல ஒடிக்காது. டயரு ஒடிக்கும். என் மருமவன் லாரி ஓட்டுறான், எனக்குத் தெரியும்."

நான் கூரையைப் பார்த்தேன். ஆறு அங்கேயே இருந்தது.

ஜூலை 21

குஞ்சிதபாதம் ஐயா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பழத்துக்கு அடியில் ஒரு காகிதம்.

"உன் தம்பி ஒரு மா நிலம் வாய்ப்பேச்சுலதானே சாகுபடி பண்றான். குத்தகைப் பதிவுல அவன் பேரை ஏத்திடலாம்னு பண்ணையே சொல்லிட்டாரு. நீ இதுல ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரியில சொன்னதேதான். புதுசா ஒண்ணுமில்ல."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் துண்டால் விசிறிக்கொண்டார். வரப்பு, நண்டு, வழுக்கல், யார் மீதும் எனக்குக் குறையில்லை. அழகான எழுத்து.

"கை வலிக்குதுங்கய்யா."

"அடிபட்டது கால்லதானே?"

"நண்டு போகும்போது கையிலயும் லேசாக் கடிச்சிடுச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. பழத்தை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் போடவில்லை? தெரியவில்லை. அந்த ஒரு மா நிலத்துக்காக, பதிவில் ஒரு பேருக்காக, பத்து வருஷமாகக் கொடி பிடித்து மண்டை உடைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர். சட்டம் வந்தது, ஆட்சி மாறியது, பேர் ஏறவில்லை. என் கையெழுத்தில் ஏறிவிடுமாம். அவ்வளவு பெரிய கையெழுத்தா எனக்கு? மூணாப்பில் அக்னஸ் டீச்சர் கோழி கிறுக்கல் என்றல்லவா சொன்னார்கள்.

ஆகஸ்ட் 27

வீட்டுக்கு வந்து எட்டு நாள். கால் முழுக்க மாவுக்கட்டு. ஊரே வந்து பார்த்துவிட்டது. சாமி வரவில்லை.

செப்டம்பர் 30

கட்டைப் பிரித்தார்கள். இடது கால் குட்டையாகிவிட்டது. இரண்டு விரல் அகலம். நின்றால் பூமி ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருக்கிறது.

டாக்டர் சொன்னார், சேத்துல நிக்கிற வேலை இனிமே வேண்டாம்மான்னு. வேண்டாமாம். வேற என்ன வேலை தெரியும் எனக்கு? பன்னெண்டு வயசுல எறங்கினவ. அந்தச் சேறு எனக்குச் செருப்பு மாதிரி, அதைப் போய்க் கழட்டுன்னா? சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டேன். பஸ்ல வரும்போதும் சிரிச்சேன். இவர் என் கையைப் பிடிச்சார். பஸ்ஸுல, நாலு பேர் பார்க்க. அப்பத்தான் அழுதேன்.

அக்டோபர் 11

சம்பா நடவு. குலவைச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று.

நவம்பர் 14

விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தங்கையன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய், பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். தஞ்சாவூரில் ஜெக்கரியா வக்கீல். மேசை நிறைய காகிதம், அதன் மேல் ஒரு காலி டீ டம்ளர், அதில் எறும்பு.

ஆஸ்பத்திரி நோட்டின் நகலை எடுத்துப் படித்தார். நண்டு வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது நீங்க சொன்னதாம்மா?"

"நண்டு சொன்னதுங்க."

"அம்மா, இந்த நண்டுதான் உங்களுக்கு எதிர்ச்சாட்சி. நீங்க ரோட்டுல இல்ல, வரப்புல இருந்தீங்க. டிராக்டரே வரல. எதிர்த்தரப்பு இந்த ஒரு தாளை நீட்டினாப் போதும்."

அவர் மெதுவாகச் சொன்னார். ரோட்டில் வண்டி மோதிக் காயம்பட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், எனக்கு ஜனவரி ஐந்து வரைக்கும்தான். போலீஸ் கேஸ் வேறு, இது வேறு. இது வண்டியின் சொந்தக்காரரிடம் நஷ்டஈடு கேட்பது.

"இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கொடுத்துட்டுப் போகும், பண்ணைக்கு ஒரு நஷ்டமும் இல்ல. விசாரிச்சேன். மார்ச்சோட முடிஞ்சுபோச்சு, புதுப்பிக்கல. இப்ப அவர் கையிலேருந்து வரணும்."

அதனால்தான் என் நண்டின் மேல் அவர்களுக்கு இவ்வளவு பாசம்.

"சார், ஒண்ணு சொல்லணும். நான்தான் குறுக்க நின்னேன். வெளையாட்டுக்கு. தப்பு என் மேலதான்."

"எத்தனை வருஷமா நிக்கிறீங்க?"

"இருபது."

"இதுக்கு முன்னாடி எந்த வண்டியாவது நிக்காமப் போச்சா?"

யோசித்தேன். பஸ், லாரி, கல்யாணக் கார், ஒரு தடவை போலீஸ் ஜீப்புகூட. எல்லாம் நின்றிருக்கின்றன.

"அப்ப இது மட்டும் ஏன் நிக்கல? உங்க தம்பியைக் கேளுங்க."

டிசம்பர் 3, ஞாயிறு

கோயில் முடிந்ததும் நேரே சாமி வீட்டுக்குப் போனேன். அவன் வராவிட்டால் என்ன, எனக்கு ஊன்றுகட்டை இருக்கிறது. விறகு பிளந்துகொண்டிருந்தான். என் கட்டைச் சத்தம் கேட்டு நிமிரவில்லை.

"ஏண்டா, நொண்டி வந்தா ஒரு பலகை போடக் கூடாதா?"

பலகை போட்டான். உட்கார்ந்தேன். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. என் இடுப்பில்தான் இருந்தான். இப்போது தலையில் நரை. நரைத்த பிள்ளையைத் திட்டுவது எப்படி?

"பிரேக்கு இல்லையாடா?"

கோடரியைக் கீழே வைத்தான். "நாலு தடவை மிதிச்சா ஒரு தடவை பிடிக்கும். மூணு வாட்டி பண்ணைகிட்ட சொன்னேன்க்கா. நடவு முடியட்டும்டா, ஒர்க்‌ஷாப்புல போட்டா ஒரு வாரம் போயிடும்னுட்டாரு. தெரிஞ்சேதான் ஓட்டுனேன். நீ நிப்பேன்னு தெரியாது."

"நான் நிக்காத வருஷம் உண்டா?"

பிளந்த விறகை அடுக்கினான். "மனுப் போடாதேக்கா. பதிவுல பேரை ஏத்துறேன்னு இருக்காங்க. நம்ம ஆளு பேரு இதுவரைக்கும் ஏறுனதே இல்ல" என்றான்.

"கோர்ட்டுல கேட்டா என்ன சொல்லுவே?"

மறுபடி விறகு பிளக்க ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி டீ கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 17

நான்கு நாளாக ஒரே கனவு. கோர்ட்டு என்பது ஒரு பெரிய வயல். ஜட்ஜ் ஐயா வரப்பில் குடை பிடித்து நிற்கிறார். நானும் சாமியும் எதிரெதிர் மூலையில் நட ஆரம்பிக்கிறோம், பின்னாலேயே நகர்ந்து வருகிறோம், முதுகும் முதுகும் இடித்துக்கொள்ள இன்னும் ஒரு முழம்தான். அதற்குள் விழித்துவிடுகிறேன்.

இவரைக் கேட்டேன். "போடட்டுமா, வேண்டாமா?"

"கால் உன்னுது" என்றார்.

டிசம்பர் 18, திங்கள்

போட்டேன். மனுவில் ஐந்து இடத்தில் கையெழுத்து. கோழி கிறுக்கல் ஐந்து.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். அதிரசத்தில் சாமிக்கென்று ஒரு தூக்கு எடுத்து வைத்தேன். சாயங்காலம் நானே தின்றேன்.

1979 ஜூன் 20

தண்ணீர் வந்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு மதகு வரை போய்ப் பார்த்தேன். அதே நுரை, அதே சருகு. தண்ணீருக்குக் கேஸ் எதுவும் இல்லை. அது பாட்டுக்குப் போகிறது. கொஞ்ச தூரம் நானும் அதில் போனேன். கட்டை கரையிலேயே நின்றது.

ஆகஸ்ட் 7

வாய்தா. வக்கீலின் டம்ளரில் எறும்பு பெருகியிருக்கிறது.

நவம்பர் 20, செவ்வாய்

கோர்ட்டு. கூண்டுக்கு மூன்று படி. மூன்றையும் எண்ணி ஏறினேன்.

பண்ணையின் வக்கீல் நகலை எடுத்து உரக்கப் படித்தார். பெரிய மனுஷன் மாதிரி வந்த நண்டு, மரியாதைக்கு ஒதுங்கினது, எல்லாம். கோர்ட்டே சிரித்தது. வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் இருந்த பண்ணையும் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் சொன்னதற்கு யாராவது சிரித்து எனக்கு வயிறு எரிந்தது இன்றைக்குத்தான்.

"இது பொய்யா?"

"பொய்யுங்க. தம்பியைப் போலீசு பிடிக்கும்னு பயந்து சொன்னேன். நண்டு மட்டும் என் கைச்சரக்கு."

"அப்படின்னா ஓடுற டிராக்டருக்குக் குறுக்கே வெளையாட்டுக்குப் போய் நின்னீங்க. யாராவது நிப்பாங்களா? அது உங்க கவனக்குறைவு இல்லையா?"

இதைத்தான் ஒன்றரை வருஷமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் பதில் தயாராக இருந்தது போலும்.

"அதுக்கு முந்தின வருஷம் அதே மதகுல, அதே சரிவுல, இதோ உக்காந்திருக்காரே, இவரு காரு வந்துச்சுங்க. அதே மாதிரிதான் முடியை வெச்சுட்டு நின்னேன். காரு நின்னுச்சு. இறங்கி வந்து வெத்தலைக்குக் கொடுத்தாரு, சிரிச்சாரு. அவரு காருக்குப் பிரேக் இருந்துச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் ஐயா எழுதிக்கொண்டார்.

அடுத்து அவர்கள் தரப்புச் சாட்சி. பெரியநாயகசாமி. அவர்கள் கூப்பிடுவார்கள் என்று ஜெக்கரியா வக்கீல் முன்னமே சொல்லியிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக் கலையாமல். யார் வாங்கிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நான் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலில் ஒரு வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தேன். அது ஆட ஆட நானும் எங்கோ போய்க்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு உங்க அக்கா எங்க விழுந்தாங்க?"

கிளை ஆடி ஆடி நின்றது.

"நண்டெல்லாம் இல்லீங்க. என் டயருதான்." அழுதுகொண்டே சொல்லிவிட்டான். பிரேக் பிடிக்காதது, மூன்று தடவை சொன்னது, நடவு முடியட்டும் என்றது, சட்டை வாங்கிக் கொடுத்ததுகூட.

வெளியே வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார எனக்கு நேரமாயிற்று.

"சட்டை நல்லாருக்குடா" என்றேன்.

"திருப்பிக் கேப்பாங்களாக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சிரிப்பு இந்தத் தடவை கண்ணிலும் இருந்தது.

டிசம்பர் 2

சாமிக்கு டிராக்டர் வேலை போயிற்று. அவன் ஒரு மா நிலத்தில் பண்ணை ஆட்கள் இறங்கி ஏர் பூட்டினார்கள். தங்கையன் ஆட்களோடு போய் வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார். தாசில்தாரிடம் வேறு ஒரு கேஸ். சாமி சொல்கிறான்: "போனாப் போவுதுக்கா." போனால் போகிற நிலமா அது? அவன் முகத்தைப் பார்க்காமல் முறுக்கு எடுத்து வைத்தேன்.

1980 பிப்ரவரி 27

தீர்ப்பு. எனக்குச் சாதகம். எவ்வளவு என்று இதில் எழுதப் போவதில்லை, டைரியை இவர் படிக்கிறார்.

நண்டைப் பற்றி ஜட்ஜ் ஐயா எழுதியிருப்பதை ஜெக்கரியா வக்கீல் தமிழில் சொன்னார். உடன்பிறந்தவன் மேலிருந்த பாசத்தாலும் போலீஸ் பயத்தாலும் சொல்லப்பட்டது, ஏற்பதற்கில்லை. ஆனால் ரோட்டின் குறுக்கே நின்றதற்காக ஒரு பங்கைக் கழித்திருக்கிறார்கள். கேட்டதும் மனசு லேசாயிற்று. முழுசும் என் தப்பு இல்லை, ஒன்றுமே இல்லை என்பதும் இல்லை. என் பங்கு எவ்வளவு என்று படித்தவர் ஒருவர் அளந்து சொல்லிவிட்டார். இனி கனவில் நானாக அளக்க வேண்டியதில்லை.

கோர்ட்டில் ஒப்புக்கொண்டதை வைத்துச் சாமி மேல் போட்ட போலீஸ் கேஸில் அபராதம் மட்டும்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நடவுக்கு வந்த ராமாயி. ஆயில் இன்ஜின் பெல்ட்டில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பெல்ட்டுக்கு மூடி இல்லை. இன்ஜின் அவள் மச்சாண்டாருடையது, புருஷனின் அண்ணன்.

சாமி இப்போது கூட்டுறவு சொசைட்டி லாரி ஓட்டுகிறான். உர மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் ராமாயி என் காதில் முனகினாள். "கதவிடுக்குல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடுறேன்க்கா. குடும்பத்துக்குள்ள சண்டை வந்துடும்."

நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டைத் திறந்தார். எப்படி ஆச்சு? ராமாயி என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கின் நுனியில் ஒரு கதவு, அந்தக் கதவுக்கு ஒரு குணம், அது ராமாயியைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை, எல்லாம் தயாராக வந்து நின்றன. விழுங்கினேன்.

"நடந்ததைச் சொல்லு ராமாயி. எந்த இன்ஜினு, எத்தனை மணி, மூடி இருந்துச்சா இல்லையா. அதை மட்டும் சொல்லு."

சொன்னாள். டாக்டரம்மா எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னேன். "நீங்க யாரு?" என்றார். "கூட வந்தவ" என்றேன்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்து வயலெல்லாம் கண்ணாடி. ராமாயி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். எனக்கும் கண் சொருகியது. தண்ணீர் மேலேயே லாரி போவது மாதிரி இருந்தது.

மதகுச் சரிவில் பெண்கள் கூட்டம். இன்றைக்குத்தான் சம்பாவுக்கு முதல் நடவு, வண்டி மறிப்பார்கள் என்பதையே மறந்துபோனேன். நடு ரோட்டில் ஒரு நாற்று முடி. அதன் பின்னால் இடுப்பில் கை ஊன்றி யாரோ ஒருத்தி.

முடிக்கு நாலு முழம் முன்னாலேயே லாரி நின்றது. சாமி காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. நான் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், வெற்றிலைக்குக் கொடுத்தேன்.